தர்க்கம் ஷார்ட்ஸில் அடங்காது

செல்போனை நிமிர்த்திப் பிடித்தால் நாடக மேடையில் ஒரு ஆள்தான் படத்துக்குள் நிற்பார். மதுரையைச் சுற்றி ஸ்பெஷல் நாடகத்துக்கு இந்த ஆறேழு வருஷத்தில் நேர்ந்ததில் பாதி இதற்குள் அடக்கம். கோமாளி வேஷமான பபூன் தனியாக நின்று பேசுவார், படத்தில் அடங்குவார். டான்ஸ் வேஷம் தனியாக ஆடும், அதுவும் அடங்கும். வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியும் நாரதரும் ஆளுக்கொரு மைக் முன்னால் ஆறடி தள்ளி நின்று நடுச்சாமத்தில் செய்கிற தர்க்கம் அடங்காது. எந்த வேஷம் பேர் வாங்கும் என்பது இப்போது போனின் அகலத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டது.

மேலூர், நத்தம், உசிலம்பட்டி, சிவகங்கை என்று எந்தப் பக்கம் போனாலும் நாடகம் போடும் சேனல்கள் இருக்கின்றன. மாரியம்மன் பொங்கலுக்கு ஊர்க்கூட்டம் போட்டுச் செலவு எழுதும்போது மைக் செட், ஜெனரேட்டர், நோட்டீஸ் இவற்றுக்குக் கீழே ‘லைவ்’ என்று ஒரு வரியும் விழுகிறது. அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கும், செய்யலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இந்தப் பதிவு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியப் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை வாசிக்கிறவர்) எல்லாருக்கும் தனித்தனியாகத் தேதி வாங்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். இது நடப்பதற்கு ஒரே காரணம், எல்லார் மனசிலும் ஒரே பிரதி இருப்பதுதான். அதற்கு மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியவர், 1922-இல் காலமானார். அவர் எழுதியதில் இன்றைக்கும் அதிகமாக மேடையேறுவது வள்ளி திருமணம்.

இந்தக் கலையைச் சின்னச் சின்னதாக நறுக்குவது புதுசும் இல்லை. நாடகப் பாடகர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இசைத்தட்டில் பாடிய காலத்தில் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷம்தான். விடிய விடியப் பாடுகிறவர்கள் அந்த அளவுக்குள் பாட்டைச் சுருக்கினார்கள். 2024 அக்டோபரில் யூடியூப் ஷார்ட்ஸின் நீளத்தை 3 நிமிஷமாக்கியது. நூறு வருஷம் சுற்றி அதே அளவில் வந்து நிற்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. இசைத்தட்டில் எதை வைப்பது என்று பாடகருக்கும் ஒரு வார்த்தை இருந்தது. இப்போது நறுக்குகிறவர் யார் என்றே நடிகருக்குத் தெரிவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். நாடகப் பதிவில் கெட்டுப்போவது பெரும்பாலும் சத்தம்தான். படம் மங்கலாக இருந்தாலும் சனங்கள் பார்ப்பார்கள். வசனம் புரியாவிட்டால் அடுத்த நிமிஷமே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். போனில் இருக்கிற மைக்கை நம்பி உட்கார்ந்தால் குழாய் ஸ்பீக்கரின் இரைச்சல், ஜெனரேட்டர், கடலை விற்கிறவர் குரல் எல்லாம் வரும், நாரதர் மட்டும் வர மாட்டார். மிக்சரிலிருந்து நேராக ஒரு லைன் எடுத்தாக வேண்டும்.

அதற்கு மைக் செட்காரரை எட்டு மணிக்கே பார்த்துவிடுங்கள். பத்து மணிக்குப் போய், “அண்ணே, ஒரு லைன் குடுங்க” என்றால், “போ தம்பி, இப்பத்தான் ஊளையிடுது, அப்புறம் பாக்கலாம்” என்பார். அவர் சொல்வது நியாயம். அவருடைய வேலை மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு. நமக்கு அவர் செய்வது உபகாரம்.

எடுக்க வேண்டிய இடம் மிக்சரின் பின்பக்கம் இருக்கும் ரெக்கார்ட் அவுட். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. ஓட்டை இருக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து குழாய்க்குப் போகிற வயரில் தப்பித்தவறிக்கூடக் கை வைக்கக் கூடாது. தூரத்துக் குழாய்களுக்குப் போகும் அந்த லைனில் 70, 100 வோல்ட் வரை ஓடும். அதில் ஒட்டுப் போட்டு போனில் செருகினால் போன் அதோடு சரி.

ரெக்கார்ட் அவுட்டிலிருந்து வருவது சுமார் 0.3 வோல்ட். போனின் ஹெட்செட் ஓட்டை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட்தான். அதாவது நூறு மடங்கு அதிகமாக ஊட்டுகிறீர்கள். அப்படியே செருகினால் பபூன் மெதுவாகப் பேசுவதுகூடக் கரகரவென்று கிழிந்து வரும். பிறகு எந்தச் சாஃப்ட்வேரிலும் அதைச் சரிசெய்ய முடியாது. நடுவில் 40 டெசிபல் குறைக்கிற அட்டெனுவேட்டர் பேட் ஒன்று போடுங்கள். அதைவிட நல்லது யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். அதை ஓ.டி.ஜி. கேபிள் வழியாகப் போனின் சார்ஜ் ஓட்டையில் செருகும்போது போனில் சார்ஜ் ஏற வழி இருக்காது என்பதால், சார்ஜும் சேர்ந்து போகிற ஹப் வாங்க வேண்டும். எட்டு மணி நேரம் பேட்டரியில் மட்டும் ஓட்டுகிற கதை நடக்காது.

லெவல் வைப்பதில் ஒரு சூட்சுமம். எட்டு மணிக்கு மைக் டெஸ்ட் ‘அலோ அலோ’வுக்கு வைத்த அளவு பத்து மணிக்கு உதவாது. கூட்டம் கூடக் கூட மைக் செட்காரர் ஒவ்வொரு புள்ளியாக ஏற்றிக்கொண்டே போவார். ராஜபார்ட் உள்ளேயிருந்து உச்சஸ்தாயியில் விருத்தம் எடுத்துக்கொண்டு வரும்போது மீட்டர் சிவப்பில் அடிக்கும். அதனால் ஆரம்பத்தில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்தது கிழிந்ததுதான்.

லைன் எடுத்ததும் ‘ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டால், மிக்சருக்கும் உங்கள் சார்ஜருக்கும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் வருகிறது, எர்த் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அந்த லைனுக்கு நடுவில் போட வேண்டும். இன்னொன்று, ஒரு ஆர்.சி.ஏ. பின்னை மட்டும் செருகினால் இயர்போனில் ஒரு காதில் மட்டும் நாடகம் கேட்கும். கமெண்டில் முதல் புகார் எப்போதும் இதுதான். மோனோவாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மிக்சர் லைன் மட்டும் போதுமா என்றால் போதாது. அதில் கூட்டம் இருக்காது. பபூன் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துகிறார். அந்த இடைவெளியை நிரப்புவது பெண்கள் பக்கத்துச் சிரிப்பு. அது இல்லாவிட்டால் பதிவில் அவர் வசனம் மறந்து நிற்பதுபோல இருக்கும். ஆகவே சின்ன ரெக்கார்டர் ஒன்றைக் கூட்டத்துப் பக்கம் வைத்து, அதை மிக்சர் சத்தத்துக்கு அடியில் லேசாகக் கலக்க வேண்டும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்தால் சத்தம் 58 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். அப்படியே கலந்தால் கிணற்றுக்குள் பேசுவதுபோல எதிரொலிக்கும். எடிட்டிங்கில் கூட்டத்துச் சத்தத்தை அந்த அளவு முன்னால் இழுத்துவிடுங்கள். ஆல்ரவுண்ட் முதலில் போடுகிற ஒரு தாளத் தட்டைக் குறி வைத்தால் இரண்டையும் பொருத்துவது சுலபம். லைவில் இதெல்லாம் முடியாது என்றால் ரெக்கார்டரை மேடைக்கு அருகில் கொண்டுவந்துவிடுங்கள்.

படத்துக்கு வருவோம். கேமராவை மேடைக்கு நேர் நடுவில் வைக்காதீர்கள். மைக் ஸ்டாண்டு நடிகர் வாயை மறைக்கும். நாலைந்தடி பக்கவாட்டில், உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் போகிற உயரத்தில் மேசையோ பரணோ போட்டு வையுங்கள். ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு, வேகம் நொடிக்கு 25 ஃபிரேம். நம்ம ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30 ஃபிரேமும் 60-இல் ஒரு பங்கும் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் மேல் கோடு கோடாக ஓடும். ஜெனரேட்டரில் லோடு ஏறி இறங்கும்போது ஹெர்ட்ஸும் ஆடும். அப்போது லேசாகக் கோடு வந்தால் அது உங்கள் தப்பு இல்லை.

ஆட்டோ எக்ஸ்போஷர் நாடகத்துக்கு எமன். பின்னால் இருட்டு, முன்னால் அரிதாரம் பூசிய முகம். கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். லைட்காரரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள், நீலமும் சிவப்பும் மாறி மாறி அடிக்கிற எல்.இ.டி. ஓடினாலும் முன்னால் ஒரு மஞ்சள் லைட் அணையாமல் எரியட்டும். வெறும் நீல வெளிச்சத்தில் கண், மூக்கு எதுவும் பதிவாகாது. மாசியில் நாடகம் என்றால் மூன்று மணிக்கு மேல் லென்ஸில் பனி படியும். ஆடியில் என்றால் பூச்சி. இரண்டுக்கும் மெல்லிய துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

நெட்தான் லைவில் நடுவழியில் காலை வாருவது. 720 தரத்தில் நொடிக்கு 3 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு 1.35 ஜி.பி. ஆகும். பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி நேரத்துக்கு 10.8 ஜி.பி. நாளைக்கு 2 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்த சிம்மில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்கு ஆரம்பித்தால் பதினொன்றரைக்குத் தீர்ந்துவிடும். பன்னிரண்டுக்கு மறுநாள் கணக்கு திறக்கும், ஒன்றரைக்கு அதுவும் காலி. சரியாகத் தர்க்கம் சூடு பிடிக்கிற நேரம். இணைப்பு அறுந்ததாகவும் காட்டாது, வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கி, வள்ளி கையைத் தூக்கியபடி உறைந்து நிற்பார். லைவ் போடுகிறவர் தன் போனில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். இன்னொரு போனில், வேறு கம்பெனி சிம்மில், லைவை நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாலையில் காலி மைதானத்தில் வேகம் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். தேவைக்கு இரண்டு மடங்கு அப்லோடு வேகம் இருந்தால்தான் கூட்டம் வந்தபிறகும் தாங்கும். அழகர் ஆற்றில் இறங்கும்போது கோரிப்பாளையத்தில் நின்று ஒரு போட்டோகூட அனுப்ப முடியாது அல்லவா, அதே நெரிசல்தான் சின்ன அளவில் இங்கேயும். பன்னிரண்டரைக்கு மேல் சின்னப் பிள்ளைகள் தூங்கி, பையன்கள் வண்டியெடுத்துக் கிளம்பியபின் டவர் தானாக இளகும். யூடியூபில் தாமதம் எவ்வளவு என்று கேட்கும்போது சாதாரணம் என்பதையே வையுங்கள். மிகக் குறைவு என்று வைத்தால் நெட் சின்னதாகத் திணறினாலும் படம் நிற்கும். ஆட்டோ ஸ்டாப்பை அணைத்துவிட்டால் நடுவில் அறுந்தாலும் அதே லைவிலேயே திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். 12 மணி நேரத்துக்குள் முடிகிற லைவ் சேனலில் தானாகப் பதிந்துவிடும், நாடகத்துக்கு அது தாராளம். புதுச் சேனலுக்கு லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். நாடகத்தன்று சாயங்காலம் அதைக் கண்டுபிடிக்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

தாமதம் இருபது, முப்பது நொடி இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். அன்பளிப்பு ஒன்றுதான். முன்பு ஆள் மேடைக்கு ஏறி ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார், மைக்கில் பேர் வாசிப்பார்கள். இப்போது துபாயிலிருந்து கூகுள் பேயில் வருகிறது, ஊர்க்காரர் ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதி மேலே நீட்டுகிறார். அங்கே பேர் கேட்பதற்குள் இங்கே பாட்டே மாறியிருக்கும். நமக்கு இரவு பத்து என்றால் துபாயில் எட்டரை, சிங்கப்பூரில் பன்னிரண்டரை. பபூன் நேரத்துக் கமெண்டெல்லாம் வளைகுடா. வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்போது கமெண்ட் போடுகிறவர் சிங்கப்பூரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்.

காப்புரிமைக் கோளாறு பெரும்பாலும் நாடகத்தால் வருவதில்லை. நாடகத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் மைக் செட்டில் ஓடுகிற சினிமாப் பாட்டால் வருகிறது. லைவை ஒன்பது மணிக்கே திறந்துவைத்தால் யூடியூபின் காப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐ.டி. அதைப் பிடித்து, லைவை மறைத்து ஒரு படத்தை மாட்டிவிடும். ஆர்மோனியக்காரர் முதல் சுரம் பிடித்தபின் திறவுங்கள். அதுவரை மிக்சர் லைனை மியூட்டில் வையுங்கள். பபூனும் டான்ஸும் சினிமா மெட்டில் பாடுவதற்கும் உரிமைக் கோரல் வரலாம், வந்தால் அந்தப் பகுதியின் வருமானம் அந்தப் பக்கம் போகும். சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுக்கு யாரும் கோர முடியாது. ஆசிரியர் மறைந்து 60 வருஷம் என்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பாட்டுக்கு உரிமை முடிந்தாலும் அதை நடிக்கிறவருக்கு உண்டு. நம் காப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவர் உரிமை 50 வருஷம். ஊர்க்கமிட்டி சரி என்றால் நடிகரும் சரி என்று ஆகாது.

இன்னொரு ஆபத்து. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி இரவு 10-லிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. நாடகமோ பத்துக்குத்தான் ஆரம்பம். போலீஸ் அனுமதிக்கு அலைவதும், கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதும் இந்தப் பக்கம் பழகிப்போன சங்கதி. ஆபாசம் கூடாது, சாதியைத் தூக்கிப் பேசக் கூடாது என்கிற நிபந்தனைகளோடுதான் அனுமதி வரும். லைவ் என்பது நேரம் அச்சடித்த சாட்சி. பபூன் வாய் தவறியதும், அன்பளிப்புச் சீட்டில் சாதிப் பேர் வந்ததும் அழியாமல் இருக்கும். காலையில் பார்த்து நறுக்கிவிடலாம் என்றால் அதற்குள் பத்துப் பேர் ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்திருப்பார்கள்.

இனி அந்தத் தர்க்கம். ஏன் அடங்காது? நாரதர் வள்ளியைப் பார்த்து ஒரு மடக்குக் கேள்வி போடுகிறார். பேசுகிறவர் நாரதர், பார்க்க வேண்டியது வள்ளியை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, ஆர்மோனியக்காரரை ஓரக்கண்ணால் பார்த்து, பதில் கிடைத்ததும் உதட்டோரம் லேசாக இளகும். வள்ளி வாயைத் திறப்பதற்கு முன்பே முன்வரிசைப் பாட்டிகளுக்குத் தெரிந்துவிடும், நாரதர் தொலைந்தார் என்று. 1080 தரத்தில் எடுத்த படத்தை நிமிர்ந்த சட்டத்துக்கு வெட்டினால் கிடைக்கிற அகலம் 607 புள்ளி. அதில் ஒன்று நாரதர் இருப்பார், இல்லை வள்ளி இருப்பார். பேசுகிறவரையே காட்டிக்கொண்டு போனால் அது இரண்டு பேர் மாறி மாறிச் செய்கிற சொற்பொழிவு.

வழி இல்லாமல் இல்லை. 4கே-யில் எடுத்தால் நிமிர்ந்த வெட்டுக்கு 1215 புள்ளி அகலம் கிடைக்கும். சட்டத்தை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்து, மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று இருவரையும் ஒரே நேரத்தில் வைக்கலாம். பார்வை எதிரெதிரே பொருந்தாது, ஆனாலும் கேட்கிறவர் முகம் மிஞ்சும். என்னைக் கேட்டால் தர்க்கத்தை ஷார்ட்ஸில் போடவே வேண்டாம். படுத்த சட்டத்தில், 40 நிமிஷமோ ஒரு மணி நேரமோ, முழுசாகத் தனி வீடியோவாகப் போடுங்கள். விளக்கத்தில் 0:00-வில் தொடங்கி நேரக்குறிப்பு கொடுத்தால் அத்தியாயமாகப் பிரிந்துகொள்ளும். பார்வை குறையும், பார்க்கிற நேரம் கூடும். விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபரோடு வருஷத்துக்கு 4000 மணி நேரம் என்பது ஒரு வழி. அந்த மணி நேரக் கணக்கில் ஷார்ட்ஸ் ஓடையில் பார்ப்பது சேராது, நீள வீடியோதான் சேரும்.

பபூன் காமெடியை வெட்டிப் போடுவதில் நடிகருக்கு நேரடி நஷ்டம் இருக்கிறது. ஒத்திகையில்லாத கலையில் சரக்குதான் முதல். ஒரு சிரிப்புக் கதையை வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க ஊர் ஊராகப் பிழைத்தவர்கள் உண்டு. இன்றைக்கு மேலூர்ப் பக்கம் சொன்னதை நாளைக்கே நத்தத்துப் பையன் போனில் பார்த்துவிடுகிறான். மறுவாரம் அங்கே போய் ஆரம்பித்தால் முடிவு வரியைக் கூட்டமே சொல்லிவிடும். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவில் திருவிழா இல்லாமல் பட்டினி கிடந்தபோது போன்தான் பலரை நினைவில் வைத்திருந்தது என்பதும் உண்மை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் போனதும் ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த இடத்துக்கு வந்தன. தேதி கேட்கிறவர்கள் வீடியோ பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ஆக, வேண்டாம் என்று எந்த பபூனும் சொல்ல மாட்டார். கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார். காமெடியை ஆடி மாசம் முடிந்து சீசன் ஓய்ந்தபின் போடு, வீடியோவுக்குக் கீழே என் பேரைச் சரியாகப் போடு. இரண்டுமே செலவில்லாத காரியம்.

பெண் கலைஞர்கள் விஷயத்தில் சேனல்காரர்கள் மேல் எனக்குக் கோபம்தான். நாலு மணி நேரம் பாடிய ஸ்திரீபார்ட்டின் முகப்புப் படத்துக்கு இடுப்பைத் தேடிப் பிடிப்பது, சுற்றி ஆடும் ஒரு நொடியை மெதுவாக ஓட்டுவது. மேடையில் அந்த நொடி தாளத்தோடு கடந்துவிடும், வீடியோவில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். கமெண்டைச் சரிபார்த்து வெளியிடும்படி வையுங்கள். தடைச் சொற்பட்டியலில் கெட்ட வார்த்தைகளைத் தமிழில் மட்டும் சேர்த்தால் பாதி தப்பிவிடும். ஆங்கில எழுத்தில் தட்டுகிற தமிழில் ஒரே வார்த்தைக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும், நாலையும் சேர்க்க வேண்டும்.

விடிந்ததும் கல்யாணம் முடிந்து மங்களம் பாடியவுடன் கார்டைக் கழற்றி இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். 1080-இல் எட்டு மணி நேரம் 60 ஜி.பி. வரை வரும், அதனால் லேப்டாப்பில் இடம் பார்த்துக்கொண்டு வாருங்கள். நடிகர்களுக்கு அவரவர் பகுதியைப் பென்டிரைவில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் அந்த நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்து, முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரி அவர்களுக்கு வேறு ஊர்.